கிழட்டு மரத்தை வைத்துக்கொண்டு நிலைத்தன்மை பேச முடியாது: செம்பனை அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு தோட்டத் தொழில், மூலப்பொருள் அமைச்சர் அவர்களுக்கும், மலேசிய செம்பனை எண்ணெய் வாரியப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

ஹிலிர் பேராக்கில், தெலுக் இந்தானிலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் சாலையில், ஏழு ஏக்கர் செம்பனையை நம்பிக் குடும்பம் நடத்துகிறவன் நான். அப்பா தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் குலை வெட்டப் போனவர். லயத்தைக் காலி செய்தபோது கிடைத்த தொகையோடு அம்மாவின் சீட்டுப் பணத்தையும் போட்டு வாங்கிய நிலம் இது. 40.46 ஹெக்டருக்குள் வைத்திருப்பவர் எல்லாரும் சிறுதோட்டக்காரர் என்கிறது உங்கள் ஏடு. நூறு ஏக்கர்காரரும் ஏழு ஏக்கர்காரனும் அதில் ஒரே வரிசையில் நிற்கிறோம். அவருக்குப் பொருந்தும் திட்டம் எனக்குப் பொருந்தாமல் போவது அங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது.

2019இல் அரசாங்கம் ஒரு முடிவு எடுத்தது: நாட்டின் செம்பனைப் பரப்பு 65 லட்சம் ஹெக்டரைத் தாண்டக்கூடாது. நல்ல முடிவு. இனிமேல் காட்டை வெட்டி எண்ணெய் எடுக்கும் வேலை வேண்டாம் என்று ஒரு வரம்பு போட்டதை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆனால் வரம்பு போட்டவுடன் அடுத்த கேள்வி வந்திருக்க வேண்டும்: உள்ளே இருக்கிற நிலத்தில் எப்படிக் கூடுதலாக எடுப்பது? இப்போது நடப்பட்டிருப்பது ஏறக்குறைய 56 லட்சம் ஹெக்டர். சராசரியாக ஹெக்டருக்கு 16 டன் பழம், அதில் 20 விழுக்காடு எண்ணெய் என்று வைத்தால் ஹெக்டருக்கு மூன்று டன் சொச்சம். நன்றாகப் பராமரிக்கும் தோட்டங்களில் 25 டன் பழத்தைத் தாண்டுவதும் உண்டு. இடைவெளி அவ்வளவு பெரியது. அதை நிரப்பினால் ஒரு மரத்தைக்கூட வெட்டாமல் நாட்டின் உற்பத்தியைக் கூட்டலாம். நிரப்ப முடியாமல் இருப்பதற்குக் காரணங்கள் பல. அவற்றில் பெரியது மரத்தின் வயது.

மாண்புமிகு அவர்களே, முப்பது வயது மரத்தில் பழம் வெட்டுவதை நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? இளமரத்துக்கு ஓர் உளி போதும். இடுப்புயரக் குலையைக் குத்தி எடுத்துவிடலாம். கிழட்டு மரத்துக்கு அலுமினியக் கழியோடு கழி செருகி, நுனியில் அரிவாளைக் கட்டி, கழுத்தை அண்ணாந்து வெட்ட வேண்டும். கழி காற்றில் ஆடும். குலை பழுத்திருக்கிறதா என்று கீழிருந்து சரியாகத் தெரியாது. மரத்தடியில் உதிரி விழுந்திருக்கிறதா என்று பார்த்து ஊகிப்பதுதான். அந்த உயரத்திலிருந்து விழும் குலை சிதறி, உதிரிப் பழம் புல்லுக்குள் போய்விடும். அதைப் பொறுக்க ஆள் கிடைப்பதில்லை. எண்ணெய் அதிகம் இருப்பது அந்த உதிரியில்தான். வெட்டு ஆள் டன்னுக்குக் கூடுதல் கூலி கேட்பார். கேட்பதில் நியாயமும் உண்டு. கொடுக்க முடியாதவர் பத்து நாளுக்கு ஒரு முறை வெட்ட வேண்டியதை இருபது நாளுக்கு ஒரு முறை ஆக்குவார். பழம் மரத்திலேயே அழுகும். வாரியம் கொண்டுவந்த மோட்டார் வைத்த வெட்டுக்கருவி நல்ல கருவிதான், ஆனால் இந்த உயரத்துக்கு அது எட்டாது.

ஒரு செம்பனையின் பயன்தரும் காலம் 25 ஆண்டு என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் ஆண்டுதோறும் 4 விழுக்காட்டு நிலத்தில் மறுநடவு நடக்க வேண்டும். 2024இல் நடந்தது சுமார் 1,14,000 ஹெக்டர், அதாவது 2 விழுக்காடு. இந்த வேகத்தில் போனால் இன்று நட்ட கன்றின் முறை மறுபடி வருவதற்கு ஐம்பது ஆண்டு ஆகும். எந்த மரமும் அவ்வளவு நாள் காய்த்துக் கொடுக்காது. நிலைத்தன்மைச் சான்றிதழ் ஆய்வாளர் என் தோட்டத்துக்கு வந்தால் விஷப் புட்டியை எங்கே வைக்கிறேன், வாய்க்கால் ஓரம் மருந்து அடிக்கிறேனா, கோப்பில் ரசீது இருக்கிறதா என்று கேட்கிறார். எல்லாம் கேட்க வேண்டியவைதான். மரத்துக்கு என்ன வயது, எப்போது மாற்றப்போகிறாய், அதுவரை என்ன சாப்பிடுவாய் என்று யாரும் கேட்பதில்லை.

மறுநடவு ஏன் நடக்கவில்லை என்பதற்கு எங்களைச் சோம்பேறிகளாகக் காட்டும் பேச்சு ஒன்று அடிக்கடி காதில் விழுகிறது. விலை நன்றாக இருக்கும்போது மரத்தைச் சாய்க்க மனம் வராது என்கிறார்கள். உண்மைதான், வராது. விலை சரிந்தபோது சாய்க்கக் கையில் காசு இருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டிருக்கிறோம். கன்று நட்டு முதல் குலை வெட்ட முப்பது மாதம் ஆகும். கையில் காசு நிற்கிற அளவுக்குக் காய்க்க இன்னும் ஓராண்டு. ஏழு ஏக்கரில் ஹெக்டருக்கு 16 டன் என்றால் ஆண்டுக்கு 45 டன். அந்தப் பணத்தில் உரம், வெட்டுக்கூலி, லாரி வாடகை போக மிஞ்சுவதுதான் வீட்டுக்கு. அந்த வருமானத்தை ஒரே நாளில் பூஜ்யமாக்கிவிட்டு மூன்று ஆண்டு காத்திரு என்றால் யார் காத்திருப்பார்?

இப்போதுள்ள திட்டத்தில் பாதி மானியம், பாதி கடன். நடுவதற்கான செலவை அது பார்க்கிறது. நட்டவன் வீட்டு அடுப்பைப் பார்க்கவில்லை. அறுபதைத் தாண்டியவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். பிள்ளைகள் கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். அந்த வயதில் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட அவர்களுக்குத் துணிவில்லை. துணிந்து போடச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

இந்த நாட்டுக்கு இது தெரியாத வித்தை அல்ல. பால்மரத்துக்கு 1952லேயே மறுநடவு நிதி சட்டம் போட்டு ஏற்படுத்தப்பட்டது. ரப்பர் ஏற்றுமதியில் வசூலித்த செஸ் பணத்தை எடுத்து, சிறுதோட்டக்காரர் மரத்தைச் சாய்த்ததும் ஒரு தவணை, நட்டதும் ஒரு தவணை, வளர்ந்ததைப் பார்த்து ஒரு தவணை என்று கொடுத்தார்கள். 1973இல் ரிஸ்டா என்ற ரப்பர் சிறுதோட்டக்காரர் மேம்பாட்டு அமைப்பு வந்தது அந்த வேலையைத் தொடரத்தான். தோட்டத்திலிருந்து வந்த பணம் தோட்டத்துக்கே திரும்பியது. செம்பனையிலும் செஸ் பிடிக்கிறீர்கள். அது ஆராய்ச்சிக்குப் போகிறது, போகட்டும். அதற்கு மேல் அதிலாப வரி என்று ஒன்று இருக்கிறது. 2025 முதல் தீபகற்பத்தில் கச்சா எண்ணெய் டன்னுக்கு 3,150 வெள்ளியையும் (ரிங்கிட்), சபா, சரவாக்கில் 3,650 வெள்ளியையும் தாண்டினால் பெரிய தோட்டங்களிடம் 3 விழுக்காடு வசூலாகிறது. விலை உயர்ந்த ஆண்டில் பிடிக்கும் அந்த வரியில் ஒரு பங்கைத் தனியாக ஒதுக்கி, மறுநடவு செய்யும் சிறியவர்களுக்கு முப்பத்தாறு மாதம் மாதாந்திர உதவித்தொகையாகக் கொடுக்கச் சட்டமே போடலாம். விலை நன்றாக இருக்கும்போது சேர்த்து, விலை சரியும்போது மரத்தைச் சாய்க்க வைப்பது. அப்போதுதான் மறுநடவு விலையின் தயவில் நிற்காது.

அந்த உதவித்தொகையை பத்து ஏக்கருக்குள் வைத்திருப்பவர்களுக்கு முதலில் கொடுங்கள். கடன் பங்கை ஐந்தாம் ஆண்டிலிருந்து, பழம் விற்கும் இடத்தில், டன்னுக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்ளுங்கள். காய்க்காத மரத்திடம் தவணை கேட்காதீர்கள். பாதி நிலத்தை இப்போது, மீதியை மூன்று ஆண்டு கழித்து என்று செய்வதற்கும் அனுமதி இருக்கட்டும். முதல் இரண்டு ஆண்டு வரிசை நடுவே வாழையோ அன்னாசியோ சோளமோ போட்டுப் பிழைக்க, விதைக்கும் விற்பனைக்கும் வேளாண் துறை கைகொடுக்கட்டும். நிழல் விழுந்த பிறகு அது முடியாது. அந்த இரண்டு ஆண்டு வெயில் அப்படியே வீணாகிறது.

மறுநடவில் இன்னொரு சங்கதி இருக்கிறது. புதிய கன்று என்று வாங்குவது உண்மையில் என்ன கன்று? நாம் நடவேண்டியது தெனெரா, அதாவது தூரா, பிசிபெரா என்ற இரண்டு வகைகளைக் கலந்து எடுத்த கலப்பினம். நாற்று நிலையில் தூராவும் தெனெராவும் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். மூன்று ஆண்டு கழித்து முதல் பழத்தைக் குறுக்கே வெட்டினால்தான் வண்டவாளம் வெளிவரும்: தூரா என்றால் தடித்த ஓடு, மெல்லிய சதை, தெனெரா என்றால் மெல்லிய ஓடு, ஓட்டைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக நார் வளையம், தடித்த சதை. எண்ணெய் சதையில் இருக்கிறது. மலிவு நாற்று என்று ஏமாந்தவர் அடுத்த இருபது ஆண்டுக்கும் ஓட்டைத்தான் அறுவடை செய்வார். ஓட்டின் தடிமனைத் தீர்மானிக்கும் மரபணுவை நம் வாரியத்து விஞ்ஞானிகள்தான் கண்டுபிடித்து 2013இல் உலகுக்குச் சொன்னார்கள். இலையைக் கிள்ளி அனுப்பினால் சோதித்துச் சொல்லும் வழியும் வந்துவிட்டது. அந்தச் சோதனையை நாற்றுப்பண்ணை வாசலுக்குக் கொண்டுவாருங்கள். மானியக் கன்று எதுவும் சோதிக்கப்படாமல் வெளியே போகக்கூடாது.

பழைய மரத்தை என்ன செய்வது என்பதிலும் கொள்கையும் களமும் மோதுகின்றன. எரிக்கக்கூடாது, 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் திறந்தவெளியில் எரிப்பது குற்றம். 1997இலும் 2015இலும் 2019இலும் புகைமூட்டத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாமல் கிடந்ததைப் பார்த்த எவரும் எரிக்கச் சொல்ல மாட்டார். ஆனால் எரிக்காமல் விட்ட தண்டு அழுகும்போது காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுப் பெருகி, பக்கத்தில் நட்ட இளங்கன்றின் குருத்தைத் துளைக்கிறது. அடித்தண்டில் கானோடெர்மா பூஞ்சை இருந்தால், வேர்க்கட்டையைத் தோண்டி எடுக்காமல் அதே குழிக்குப் பக்கத்தில் நடுவது நோயை வாரிசாகக் கொடுப்பதுதான். தண்டைச் சீவிப் பரப்பி, கட்டையைத் தோண்டி, மேலே மூடுபயிர்க் கொடியைப் படரவிட வேண்டும் என்று வாரியத்துக் கையேடு சொல்கிறது. சரியான வழி. அதற்கு மண்வாரி இயந்திரம் வேண்டும். பெரிய தோட்டத்துக்குச் சொந்த இயந்திரம் இருக்கிறது. ஏழு ஏக்கருக்கு யாரும் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு வருவதில்லை, வந்தாலும் வாடகை கட்டுபடியாகாது. ஒரு வட்டாரத்தில் நாற்பது ஐம்பது பேரைச் சேர்த்து, ஒரே பருவத்தில் மறுநடவு செய்ய ஏற்பாடு செய்தால் இயந்திரம் வரிசையாக நகரும், வண்டும் ஒரே தலைமுறையோடு அடங்கும். ஆளுக்கொரு நேரம் சாய்த்தால் வண்டுக்கு ஆண்டு முழுவதும் விருந்து.

இனி சான்றிதழ். எம்எஸ்பிஓ என்ற மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் 2015இல் விருப்பத் திட்டமாக வந்தது, 2020 ஜனவரி முதல் கட்டாயமானது, 2025 ஜனவரி முதல் புதிய பதிப்பு நடப்பில் இருக்கிறது. தனித்தனியாகச் சான்றிதழ் வாங்க முடியாத எங்களை வாரியமே குழுவாகச் சேர்த்து வாங்கிக் கொடுத்தது. அதற்கு நன்றி சொல்லாமல் போனால் தப்பு. வந்த அதிகாரிகள் பொறுமையாக, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாரம் நிரப்பிக் கொடுத்தார்கள். என் கேள்வி சான்றிதழ் வந்த பிறகு நடப்பதைப் பற்றியது.

பழம் வாங்கும் மையத்தில், நாங்கள் ரம்ப் என்று சொல்லும் அந்த மேட்டில், என்ன நடக்கிறது என்று பாருங்கள். வாரியம் ஒரு விழுக்காட்டு எண்ணெய்க்கு இன்ன விலை என்று அறிவிக்கிறது. 40 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். என் பழத்தில் 20 விழுக்காடு எண்ணெய் என்று ஏற்றுக்கொண்டால் டன்னுக்கு 800 வெள்ளி. 18 என்று எழுதினால் 720. இரண்டு புள்ளியில் 80 வெள்ளி. 45 டன்னுக்கு ஆண்டில் 3,600 வெள்ளி. அந்த 18ஐ யார் தீர்மானிக்கிறார்? லாரியிலிருந்து கொட்டிய குவியலைக் கண்ணால் பார்க்கிற ஒருவர். குலையில் பத்துப் பழமாவது உதிர்ந்த குழி தெரிந்தால் பழுத்தது என்று வாரியத்தின் தர நிர்ணயக் கையேடு சொல்கிறது. எண்ணிப் பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை. காம்பு நீளம், ஈரம், காய் என்று மேலும் கழிவு. ரசீதில் மொத்த எடையும் கடைசித் தொகையும்தான் இருக்கும்; நடுவில் நடந்த கழித்தல் எதுவும் இருக்காது. எல்லா வியாபாரிகளும் அப்படி என்று சொல்ல மாட்டேன். நெருக்கடியில் முன்பணம் கொடுத்து உதவுகிறவர்களும் அவர்கள்தான். அந்த முன்பணத்தால்தான் வேறு இடம் போகவும் முடிவதில்லை என்பது தனிக் கதை.

சான்றிதழ் உள்ள என் பழமும் இல்லாதவர் பழமும் அதே மேட்டில், அதே குவியலில், அதே விலைக்கு. வாய்க்கால் ஓரம் மருந்தடிக்காமல் புல்லை விட்டேன், ரசீதுகளைக் கோப்பில் வைத்தேன், எலிக்கு விஷம் குறைத்து ஆந்தைப் பெட்டி வைத்தேன். (ஆந்தை அபசகுனம் என்று பாட்டி ஒரு மாதம் பேசவில்லை, எலி குறைந்த பிறகு சமாதானமானார்.) இதற்கெல்லாம் ஒரு காசு கூடுதல் வந்தால் பக்கத்து நிலத்துக்காரரும் செய்வார். வராததால் அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடைச் சட்டம் அமலுக்கு வரும்போது இது வெறும் காசுப் பிரச்சினையாக இருக்காது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தின் பொருள் அங்கே நுழையக்கூடாது. எந்த நிலம் என்று வரைபடப் புள்ளியோடு காட்ட வேண்டும். நாலு ஹெக்டருக்கு மேல் என்றால் எல்லைக்கோடே வரைந்து காட்ட வேண்டும். அமலாக்கத்தைத் தள்ளித் தள்ளி வைக்கிறார்கள். 2025 மே மாதம் நம் நாட்டை நடுத்தர ஆபத்து வரிசையில் வைத்தார்கள். அமைச்சு எதிர்ப்புத் தெரிவித்தது சரியே. என் நிலத்தில் நான் பிறப்பதற்கு முன்பே காடு இல்லை. ஆனால் அதைச் சொல்ல என் புள்ளி பழத்தோடு ஆலை வரைக்கும் போயாக வேண்டும். இப்போது அது ரம்ப் மேட்டில் அறுந்து நிற்கிறது. அங்கே ஏறும் ஒவ்வொரு லாரிக்கும் யாருடைய நிலம், எத்தனை டன், என்ன தரம், என்ன கழிவு, சான்றிதழ் எண் என்ன என்று ஒரே ரசீதில் பதிவாக வேண்டும். கைத்தொலைபேசியில் எனக்கும் வர வேண்டும். உரிமம் கொடுப்பது வாரியம். உரிமத்தின் நிபந்தனையாகவே இதைப் போடலாம். புதுச் சட்டம் தேவையில்லை. சான்றிதழ் பழத்துக்கு டன்னுக்கு இவ்வளவு கூடுதல் என்ற வரியும் அதே ரசீதில் இருக்கட்டும், முதலில் பத்து வெள்ளியானாலும் சரி.

இதைவிட உறுதியான வழி கூட்டுறவு ரம்ப். இது எங்கள் சமூகத்துக்குப் புதிதல்ல. ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றுக்கொண்டு போனபோது, 1960இல் இந்தியச் சமூகத் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாக நடந்து, பால்மரம் சீவியவர்களின் கையிலிருந்து தவணை தவணையாகப் பங்குப் பணம் சேர்த்து, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கூலிக்காரர்களின் காசில் தோட்டங்களே வாங்கப்பட்டன. தோட்டம் வாங்க முடிந்தவர்களுக்கு ஒரு தராசும் மேடும் வாங்க முடியாதா? சிறுதோட்டக்காரர்களுக்கான நிலைத்தன்மைக் கூட்டுறவுகளை வாரியம் பல இடங்களில் அமைத்திருக்கிறது. அவற்றுக்குத் தொடக்க மூலதனமும், ஆலைகளோடு நேரடி ஒப்பந்தமும், கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒரு முழுநேர ஆளும் கொடுங்கள். பெயர்ப்பலகை மட்டும் வைத்த கூட்டுறவுகளை ஏற்கனவே நிறையப் பார்த்துவிட்டோம்.

கரிமண், அதாவது மக்கிய தாவரங்களால் ஆன சதுப்பு மண், அந்த நிலத்தைப் பற்றி எழுதாமல் ஹிலிர் பேராக்கிலிருந்து எழுதும் மடல் முழுமையாகாது. வாரியத்தின் கரிமண் ஆராய்ச்சி நிலையமே தெலுக் இந்தானில் இருக்கிறது. அங்கே படித்ததைத்தான் திருப்பிச் சொல்கிறேன். நீர்மட்டத்தை மண்ணுக்குக் கீழே 40 முதல் 60 சென்டிமீட்டருக்குள் வைத்திருந்தால் மரமும் பிழைக்கும், மண்ணும் மெதுவாகவே அமிழும். அதற்குக் கீழே வடித்தால் கரிமண் காய்ந்து, ஆண்டுதோறும் சில சென்டிமீட்டராக இறங்கிக்கொண்டே போகும். மரத்தின் வேர் வெளியே தெரிந்து ஒரு பக்கமாகச் சாயும். வறட்சியில் தீப்பிடித்தால் மண்ணுக்குள்ளேயே புகையும். கடலோரத்தில் அளவுக்கு மீறி வடித்தால் அடிமண்ணின் புளிப்பு மேலே வந்து வாய்க்கால் தண்ணீரும் புளிக்கும். ஆனால் நீர்மட்டம் என் வேலியோடு நிற்காது. நான் வாய்க்காலில் மூட்டை அடுக்கித் தண்ணீரைத் தேக்கினால் மேலே இருப்பவர் நிலம் மூழ்குகிறது என்று சண்டைக்கு வருவார். அவர் திறந்துவிட்டால் என் நிலம் காயும். மதகின் சாவியோ நீர்ப்பாசன வடிகால் துறையிடம். சான்றிதழில் நீர் மேலாண்மைக்கு என்னைப் பொறுப்பாக்குகிறீர்கள். தண்ணீர் என் கையில் இல்லை. உங்கள் அமைச்சும் அந்தத் துறையும் மாநில அரசும் ஒரு வாய்க்கால் தொகுதியை ஓர் அலகாக எடுத்து, மதகை எப்போது எவ்வளவு திறப்பது என்று நிலக்காரர்களோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். மறுநடவுக்கு முன்பே அந்த நிலம் இன்னொரு 25 ஆண்டு வடிகாலுக்குத் தாங்குமா என்று அரசாங்கமே ஆய்ந்து சொல்ல வேண்டும். தாங்காது என்று தெரிந்த இடத்தில் மறுநடவுக்குப் பணம் கொடுக்காதீர்கள். வேறு நிலமோ இழப்பீடோ கொடுத்து அந்த இடத்தைத் தண்ணீருக்கே விட்டுவிடுங்கள். இப்படிச் சொன்னதற்காக எங்கள் ஊரிலேயே எனக்குத் திட்டு விழும். விழட்டும்.

தொழிலாளர் பக்கம் நான் அதிகம் எழுத வேண்டியதில்லை. 2020இல் கட்டாய உழைப்புப் புகாரில் அமெரிக்கச் சுங்கத்துறை இரண்டு பெரிய மலேசிய நிறுவனங்களின் எண்ணெயைத் தடுத்தபோதே நாடு கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டது. ஒன்றை மட்டும் நினைவுபடுத்துகிறேன். எங்கள் அம்மா காலத்தில் தோட்டங்களில் மருந்தடித்தவர்கள் பெண்கள். முதுகில் பம்பு, முகத்தில் சேலைத் துணி, கையுறை இல்லாத கை. நகம் கறுத்து உரியும். மூக்கில் ரத்தம் வரும். அடித்தது பேராகுவாட் என்ற களைக்கொல்லி. 2002இல் தடை செய்தீர்கள், 2006இல் மறுபடி அனுமதித்தீர்கள், கடைசியில் 2020இல்தான் முழுத்தடை வந்தது. நடுவே போன ஆண்டுகளில் அந்த மருந்தை அடித்தவர்கள் சான்றிதழ் கணக்கில் எங்கும் இல்லை. இன்று அந்த இடத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நிற்கிறார்கள். எங்களைப் போன்ற சிறியவர்கள் வைத்திருக்கும் ஒப்பந்த வெட்டு ஆட்களுக்கு விபத்துக் காப்புறுதி கட்டுவது நடைமுறையில் யாருடைய வேலை என்பது இன்றுவரை தெளிவில்லை. டன் கணக்கில் கூலி வாங்கி, இன்று என் நிலம், நாளை பக்கத்து நிலம் என்று போகிறவர்களுக்குப் பொருந்துகிற ஏற்பாடு ஒன்றைச் செய்து, கூட்டுறவு வழியாக வசூலியுங்கள். நாங்கள் கட்டுகிறோம்.

செம்பனையே வேண்டாம் என்று கோஷம் போடுகிறவர்களுக்கும் இந்த மடலில் ஒரு வரி. ஒரு ஹெக்டர் சோயாவில் கிடைக்கும் எண்ணெய் அரை டன் அளவு. செம்பனையில் அதைப்போல் ஆறேழு மடங்கு. இதை நிறுத்தினால் உலகம் எண்ணெயை நிறுத்தாது, வேறு காட்டை வெட்டும். தடாலடித் தடைகள் யாரை அடிக்கும் என்பதையும் பார்த்தோம். 2021 ஏப்ரலில் இலங்கை செம்பனை நடவையே தடை செய்தது. 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தியபோது, தடை நீங்கும் வரை அங்கே விலை சரிந்து முதலில் தவித்தவர்கள் சிறுதோட்டக்காரர்கள்தான். ஒரே இரவில் மாறாத கொள்கைதான் எங்களுக்கு வேண்டும். 25 ஆண்டு நிற்கும் மரத்தை நடச் சொல்கிறவர்கள் ஐந்தாண்டாவது மாறாத திட்டத்தைக் கொடுக்க வேண்டும்.

நிலத்தைக் கூட்டாமல் விளைச்சலைக் கூட்டியது இந்த நாடு ஏற்கனவே செய்த காரியம். 1981 வரை தோட்டங்களில் செம்பனைப் பூவுக்கு மகரந்தம் தூவப் பெண்கள் பொடி ஊதும் குழாயோடு மரம் மரமாக நடந்தார்கள். அந்த ஆண்டு கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அரிசி மணியைவிடச் சிறியது. அதன் பிறகு அந்த வேலைக்கே ஆள் தேவைப்படவில்லை, காய்ப்பும் கூடியது. ஆராய்ச்சிக்கும் களத்துக்கும் நடுவில் யாரும் அறுந்து நிற்காததால் அது முடிந்தது.

எங்கள் கோரிக்கையை அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன் எடுத்துக்கொள்ளும்படி கேட்கிறேன். முதலில், சிறுதோட்டக்காரர்களின் மரங்களுக்கு என்ன வயது என்ற விவரத்தை மாவட்டவாரியாக வெளியிடுங்கள். வாரியத்திடம் உரிம விவரம் இருக்கிறது, நட்ட ஆண்டு அதில் இருக்கிறது. அது வெளியே வந்தால் எந்த மாவட்டத்துக்கு எத்தனை ஆண்டில் எவ்வளவு பணம் வேண்டும் என்பது யாருக்கும் தெரிந்துவிடும். அதன் மேல் முப்பத்தாறு மாத உதவித்தொகையை ஒரு மாவட்டத்தில் சோதித்துப் பாருங்கள். ஹிலிர் பேராக்கை எடுத்தால் கரிமண், கடலோர மண், வண்டு, கூட்டுறவு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். ரசீது விஷயத்துக்கு மட்டும் வரவு செலவுத் திட்டம் வரை காத்திருக்க வேண்டாம். அதற்கு ஒரு சுற்றறிக்கை போதும்.

அதிகாரிகளை அனுப்புவதாக இருந்தால் காய்ப்புக் குறைந்த மாதங்களில், பிப்ரவரியிலோ மார்ச்சிலோ அனுப்புங்கள். அப்போது எல்லாரும் கூட்டத்துக்கு வர முடியும். மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் விளக்கச் சொல்லுங்கள். மறுநடவுக்குத் தயாராக இருப்பவர்களின் நிலப்பத்திர நகல்களை நாங்கள் சேர்த்து வைத்திருக்கிறோம். வருகிறவர்களிடம் அன்றே ஒப்படைக்கிறோம்.

இப்படிக்கு,
ஹிலிர் பேராக் சிறுதோட்டக்காரர்களில் ஒருவன்